நான்கு இறக்கை ஈ: பெர்மோட்டிபுலா உண்மையிலேயே ஈதானா?

ஓடைக்கரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஈ, கொசு வகையறாவுக்கு இரண்டே இறக்கை, பின் இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசி மாதிரி ஒரு சின்னத் தண்டு மட்டும் இருக்கும் என்று பள்ளியில் படித்தது நினைவிருக்கிறது. போன வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு படம் போட்டார். நான்கு இறக்கையோடு ஓர் ஈ, சிவப்புக் கண், உடம்பெல்லாம் மயிர், அவ்வளவு தெளிவு. கீழே "ஆஸ்திரேலியாவில் கிடைத்த 25 கோடி ஆண்டுப் பழைய ஈ, பெர்மோட்டிபுலா, எல்லா ஈக்களுக்கும் பாட்டி" என்று எழுதியிருந்தது. கல்லில் பதிந்த பூச்சிக்கு எப்படிச் சிவப்புக் கண் வந்தது என்று கேட்டேன். பதில் இல்லை, அடுத்த ஆள் குட்மார்னிங் படம் போட்டுவிட்டார்.

அதனால் இங்கே வந்து கேட்கிறேன். பெர்மோட்டிபுலா என்று ஒன்று நிஜமாகவே இருந்ததா? இருந்தது என்றால், நான்கு இறக்கை வைத்திருந்த பூச்சியை எந்தக் கணக்கில் ஈ என்கிறார்கள்? பின் இறக்கை பாதி சுருங்கிய நிலையில், நடுவாந்தரமாக ஏதாவது கல்லில் கிடைத்திருக்கிறதா? என் மச்சான் வேறு, அந்தக் காலத்து ராட்சதத் தட்டான்தான் சிறுத்துச் சிறுத்து ஈயாக மாறியது என்று அடித்துச் சொல்கிறார். அவர் வாயை அடைக்கவும் ஏதாவது கொடுங்கள்.

கல்நெஞ்சன் எழுதியது:

படம் பொய், பெயர் நிஜம். இரண்டையும் யாரோ ஒட்டிவிட்டார்கள். படத்தில் இருப்பது ஆய்வகத்துப் பழ ஈ, அதை விலங்கியல் படித்தவர்கள் யாராவது வந்து விளக்கட்டும், நான் கல் பக்கம் மட்டும் பேசுகிறேன்.

நியூ சவுத் வேல்ஸில் நியூகாசில் பக்கத்தில் பெல்மான்ட் என்று ஓர் ஊர். அந்த வட்டாரம் முழுக்க நிலக்கரிப் படுகை. அந்தப் படுகைகளுக்கு நடுவே, டைனோசருக்கும் முந்திய பெர்மியன் காலத்தின் பின்பகுதியில் படிந்த, மிக நுண்ணிய துகள்களால் ஆன கெட்டியான பாறை அடுக்கு உண்டு. அதைப் பிளந்தால் பூச்சி இறக்கைகள் நரம்பு நரம்பாகத் தெரியும். இறக்கைதான் பெரும்பாலும், முழு உடம்பு அரிது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சிக்கலெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

ராபின் டில்யார்ட் என்று ஒரு பூச்சியியலாளர், இங்கிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் பெயர் வாங்கியவர், தட்டான் ஆராய்ச்சியில் பெரிய ஆள். அவர் 1929இல் இந்தப் பாறையிலிருந்து வந்த ஒரு சின்ன இறக்கையைப் பார்த்துவிட்டு, இன்றைய நீளக்கால் ஈயான டிபுலாவின் நரம்பமைப்பு இதில் தெரிகிறதே என்று பெர்மோட்டிபுலா பட்ரீசியா எனப் பெயர் வைத்தார். பெர்மியன் காலத்திலேயே ஈ இருந்தது என்பதுதான் அன்றைக்குச் செய்தி. பிறகு அதே சாயலில் நரம்பு ஓடும் இறக்கைகளைக் கொண்ட, ஆனால் பின் இறக்கையும் பறக்கிற இறக்கையாகவே இருந்த பூச்சிகள் அந்தப் பாறைகளிலிருந்து தெரியவந்தன. 1930களில் டில்யார்டே இவற்றுக்கென்று 'முன் ஈக்கள்' என்ற அர்த்தத்தில் புரோட்டோடிப்டெரா என்று தனி வரிசை, அதாவது பூச்சி வகைப்பாட்டில் ஒரு பெரும்பிரிவு, போட்டார். எட்கர் ரீக் 1953இல் பெர்மோட்டானிடெரஸ் முதலியவற்றை விவரித்தார், 1977இல் 'நான்கு இறக்கை ஈக்கள்' என்றே ஒரு கட்டுரை எழுதினார். நடுவில் பெர்மோட்டிபுலாவின் மூல மாதிரி, அதாவது பெயர் வைக்க ஆதாரமாக இருந்த அதே கல், எங்கே போனது என்றே தெரியாமல் இருந்தது. 1989இல் ரைனர் வில்மன் அது திரும்பக் கிடைத்துவிட்டது என்று அறிவித்தார், அதோடு 'அறியப்பட்ட மிகப் பழைய ஈ' என்று தலைப்பிலேயே போட்டார்.

அந்தத் தலைப்பு எனக்கு உடன்பாடில்லை. நரம்பு ஒத்துப்போகிறது, சரி. ஆனால் ஈ என்று நாம் சொல்வதற்கு அடையாளமே பின் இறக்கை தண்டாக மாறியதுதானே. அது மாறாதபோது ஈக்குச் சொந்தம் என்று சொல்லலாம், ஈ என்று சொல்வது கொஞ்சம் அதிகம்.

முன்னாள் விலங்கியல் எழுதியது:

தம்பி கல்நெஞ்சன் எனக்கு விட்டுவைத்த பகுதியை எடுத்துக்கொள்கிறேன். கல்லூரியில் பாடம் எடுத்த காலத்தில் இதே படத்தைக் காட்டி மாணவர்களிடம் கேள்வி கேட்டிருக்கிறேன், பாதிப் பேர் "முன்னோர் வடிவம் திரும்ப வந்துவிட்டது சார்" என்பார்கள். அங்கேதான் வழுக்கும்.

பூச்சியின் மார்பில் மூன்று கண்டங்கள். முன் இறக்கை இரண்டாவதில், பின் இறக்கை மூன்றாவதில். ஈக்கு மூன்றாவதில் ஹால்டியர் எனும் அந்தத் தண்டு. கால்வின் பிரிட்ஜஸ் 1915இல் ஒரு பழ ஈயில் ஹால்டியர் இருக்க வேண்டிய இடம் இறக்கைப் பக்கம் சாய்ந்திருப்பதைக் கண்டார். எட்வர்ட் லூயிஸ் அந்த மரபணுப் பகுதியையே பல பத்தாண்டுகள் தோண்டி, சில திடீர்மாற்றங்களை ஒரே ஈயில் ஒன்றுசேர்த்து நான்கு முழு இறக்கை உள்ள ஈயை உருவாக்கிக் காட்டினார். 1995இல் நோபல் பரிசு, கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷவுஸ் இருவரோடும் பகிர்ந்து. அந்த ஈயின் படம்தான் உங்கள் குழுவில் சுற்றுகிறது.

இப்போது கவனியுங்கள். அல்ட்ராபைதோராக்ஸ் என்ற மரபணு மூன்றாம் கண்டத்தில் வேலை செய்வதால்தான் அது மூன்றாம் கண்டமாக இருக்கிறது. லூயிஸ் அந்த வேலையைத் தடுத்தார். உடனே மூன்றாம் கண்டம் இரண்டாம் கண்டத்தின் நகலாகிவிட்டது. ஆக அந்த ஈயிடம் உள்ளது இரண்டு ஜோடி முன் இறக்கை! பெல்மான்ட் பாறைப் பூச்சிகளுக்கு இருந்தது முறையான பின் இறக்கை. இரண்டும் எண்ணிக்கையில்தான் ஒன்று. லூயிஸின் ஈ ஒழுங்காகப் பறக்கவும் பறக்காது, ஏனென்றால் நகலாக மாறிய அந்தக் கண்டத்தில் பறக்கும் தசைகள் சரியாக உருவாவதில்லை. இந்தத் தசை விஷயத்தை 1994இல் வெளியிட்டவர்களில் லூயிஸோடு நம் கே. விஜயராகவனும் உண்டு, பெங்களூருக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைப் பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. அல்ட்ராபைதோராக்ஸ் வண்ணத்துப்பூச்சியின் பின் இறக்கையிலும் வேலை செய்கிறது. அங்கே அது இறக்கையை அழிக்கவில்லை, பின் இறக்கைக்கு உரிய வடிவத்தைக் கொடுக்கிறது. வண்டுகளில் அதை நிறுத்தினால் மெல்லிய பின் இறக்கை ஓட்டு இறக்கையாகிவிடுகிறது. எனவே ஈயின் மூதாதையரிடம் இந்த மரபணு புதிதாக முளைக்கவில்லை, ஏற்கெனவே இருந்ததுதான். அதன் ஆணைக்குக் கட்டுப்படும் கீழ்நிலை மரபணுக்களின் பட்டியல் மாறியது. எந்தச் செல் எவ்வளவு பெருக வேண்டும், எங்கே இறக்கை நரம்பு ஓட வேண்டும், எங்கே ஓடக்கூடாது என்ற கட்டளைகள் ஒவ்வொன்றாக மாறியிருக்கின்றன. இந்தியாவில் எல். எஸ். சஷிதரா குழு இந்தக் கேள்வியில் நெடுங்காலம் உழைத்திருக்கிறது.

கொசுவலை எழுதியது:

எல்லாம் சரி சார், ஆனால் ஒரு சாதாரண சந்தேகம். முழு இறக்கை என்றால் பறக்கலாம். முழு ஹால்டியர் என்றால் சமநிலை பார்க்கலாம். நடுவில் பாதி இறக்கையாகவும் பாதி தண்டாகவும் இருந்த பூச்சிக்கு என்ன பிரயோஜனம்? அது பறக்கவும் முடியாமல் சமநிலையும் இல்லாமல் பல்லிக்குத்தானே போயிருக்கும்? இதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை.

வண்டினம் எழுதியது:

நேராகவே சொல்கிறேன் கொசுவலை. பாதி நிலையிலும் அது உணர்வுறுப்புதான், முழு இறக்கையாக இருந்தபோதும் உணர்வுறுப்புதான். எல்லாப் பூச்சிகளின் இறக்கை அடியிலும் மிகச் சிறிய குவிமாட வடிவ உணரிகள் இருக்கின்றன, இறக்கை எவ்வளவு வளைகிறது என்று நரம்புக்குச் சொல்வது அவற்றின் வேலை. ஹால்டியரின் அடியில் அதே உணரிகள் நூற்றுக்கணக்கில் வரிசை வரிசையாக நெருக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே புது வேலை எதுவும் திடீரென்று தொடங்கவில்லை. இரண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்த உறுப்பில் உந்துகிற வேலையை முன் இறக்கை கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது, அளக்கிற வேலை பின்னால் தங்கிவிட்டது. முன் இறக்கையும் அதன் தசையும் தனியாகவே பாரத்தைத் தாங்கும் அளவுக்கு வந்தபின், பின் இறக்கை சிறுத்தால் நஷ்டம் இல்லை.

ஹால்டியரை வெட்டினால் ஈ பறக்கமுடியாமல் தடுமாறும் என்பதை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் வில்லியம் டெர்ஹாம் கவனித்துவிட்டார். ஏன் என்பதற்குக் கணக்கோடு விளக்கம் கொடுத்தவர் ஜே. டபிள்யூ. எஸ். பிரிங்கிள், 1948இல். ஹால்டியர் இறக்கைக்கு எதிர்க்கட்டத்தில், அதாவது இறக்கை மேலே போகும்போது இது கீழே என்று, அடித்துக்கொண்டே இருக்கும். உடம்பு திரும்பினால், அடித்துக்கொண்டிருக்கும் அந்தக் குமிழ் தன் தளத்தை விட்டு விலக மறுக்கும், அடிப்பகுதி துளி வளையும், அந்த வளைவை உணரிகள் கழுத்துத் தசைக்கும் இறக்கைத் தசைக்கும் சொல்லிவிடும். சில மில்லி வினாடியில் முடிந்துவிடுகிற காரியம்.

இதில் எனக்கு மிகப் பிடித்தது பெங்களூரு என்சிபிஎஸ் என்ற உயிரியல் ஆய்வு மையத்தில் சஞ்சய் சானே குழு 2015இல் வெளியிட்ட வேலை. கழிவை மக்க வைக்கவும் கோழித் தீவனத்துக்கும் இப்போது வளர்க்கிறார்களே, பிளாக் சோல்ஜர் ஃப்ளை, அதை எடுத்துப் பார்த்தார்கள். இறக்கையும் ஹால்டியரும் அவ்வளவு துல்லியமாகத் தாளம் தப்பாமல் அடிப்பது நரம்பின் கட்டளையால் அல்ல. மார்புக் கூட்டின் ஓட்டிலேயே அவற்றை இணைக்கும் இயந்திரப் பிணைப்பு இருக்கிறது. செத்த ஈயின் ஒரு இறக்கையை அசைத்தாலும் மற்ற இறக்கையும் ஹால்டியரும் கூடவே அசைகின்றன. யோசித்துப் பாருங்கள், ஒரே மார்புக் கூட்டில் மாட்டியிருந்த இரண்டு ஜோடி இறக்கைகளின் பழைய உறவு அப்படியே மிச்சம் இருக்கிறது.

இந்தப் பாதையில் போனது ஈ மட்டும் இல்லை. ஸ்ட்ரெப்சிப்டெரா என்று குளவி, தத்துப்பூச்சி உடம்புக்குள் ஒட்டுண்ணியாக வாழும் ஒரு கூட்டம், அதில் ஆணுக்கு முன் இறக்கை ஹால்டியராகி, பின் இறக்கை பறக்கிறது. செதில்பூச்சி, மாவுப்பூச்சி ஆண்களிலும் பின் இறக்கை சிறு கொக்கியாகச் சுருங்கிவிட்டது. ஸ்ட்ரெப்சிப்டெராவையும் ஈயையும் 1990களில் சிலர் நெருங்கிய சொந்தமாக்கப் பார்த்தார்கள், மரபணுத் தொகுதிகளை முழுசாக ஒப்பிட்ட பிறகு அது வண்டுகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது.

ஓடைக்கரை எழுதியது:

அருமை, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. படத்தைப் போட்டவருக்கு விலங்கியல் சாரின் பதிலை அப்படியே அனுப்பிவிட்டேன், இன்னும் நீல டிக் வரவில்லை. நடுவாந்தரக் கல் பற்றி யாரும் சொல்லவில்லையே? அப்புறம், சந்தேகமே இல்லாத முதல் ஈ எது? மச்சானின் தட்டானையும் மறந்துவிடாதீர்கள்.

கல்நெஞ்சன் எழுதியது:

தட்டானை முதலில் முடித்துவிடலாம். மெகாநியூரா என்ற அந்த ராட்சதத்தை பிரான்சின் கொமான்ட்ரி நிலக்கரிச் சுரங்கக் கல்லிலிருந்து சார்ல் பிரோன்யார் 1885இல் பெயரிட்டார், இறக்கை விரிப்பு சுமார் 65 சென்டிமீட்டர். அது தட்டானுக்கே நேர் பாட்டன் கிடையாது, பக்கத்துக் கிளை. தட்டானுக்குக் கூட்டுப்புழுப் பருவமே இல்லை. ஈ, வண்டு, குளவி, பட்டாம்பூச்சி எல்லாம் புழு, கூட்டுப்புழு என்று முழு உருமாற்றம் அடையும் கிளை. இரண்டும் பிரிந்தது ஈ என்ற பேச்சே இல்லாத காலத்தில். மச்சானுக்கு இது போதும்.

ஈயின் உண்மையான பங்காளி ஸ்கார்பியன் ஃப்ளை, அதாவது மெகோப்டெரா. ஆணின் வயிற்று நுனி தேள் கொடுக்காக மேலே வளைந்திருக்கும், கொட்டாது. பெர்மியன் பாறைகளில் இந்தக் கூட்டம் ஏராளம். நாய் மேல் இருக்கிற தெள்ளுப்பூச்சியும் இதே குடும்பவட்டம்தான். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிலி பக்கம் நானோகோரிஸ்டிட் என்று தண்ணீரில் புழுப்பருவம் கழிக்கும் சின்ன மெகோப்டெரா இன்றும் இருக்கிறது, அதற்கும் தெள்ளுக்கும் தான் நெருக்கம் என்று 2020இல் ஓர் ஆய்வு சொன்னது.

நடுவாந்தரக் கல்லுக்கு வருகிறேன். ஈயின் வம்சத்திலேயே பாதி சுருங்கிய பின் இறக்கை என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட மாதிரி எதுவும் கையில் இல்லை. ஆனால் பங்காளி வீட்டில் இருக்கிறது! சூடோபாலிசென்ட்ரோபஸ் என்ற மெகோப்டெராவில், சீனாவின் ஜுராசிக் பாறைகளில், பின் இறக்கை நன்றாகவே சிறுத்திருக்கிறது. அதன் சொந்தக்காரனான பாராபாலிசென்ட்ரோபஸ் பர்மா அம்பரில், அதாவது கல்லாக உறைந்த மரப்பிசினில், கிடைக்கிறது, சுமார் 10 கோடி ஆண்டுப் பழசு, அதில் பின் இறக்கை ஒரு சின்ன மடலாகத் தேய்ந்துவிட்டது, முகத்தில் நீண்ட உறிஞ்சுகுழல் வேறு, பார்த்தால் கொசு என்றே சொல்வீர்கள். இவை ஈயின் முன்னோர் இல்லை, ஈ தோன்றி வெகுகாலம் கழித்துத் தனியாக இதே வழியில் போனவை. ஆனால் கொசுவலை கேட்டாரே, பாதி நிலையில் என்ன செய்யும் என்று, இதோ பாதி நிலையில் நிம்மதியாக வாழ்ந்த ஒன்று.

இனி சந்தேகமில்லாத ஈ. பிரான்சின் வோஜ் மலைப் பகுதியில் ஆர்ஸ்வில்லேர் என்ற இடத்து மணற்கல்லிலிருந்து 1994இல் கிராவோகெலியா என்று ஒன்றை விவரித்தார்கள், மத்திய டிரையாசிக் தொடக்கம், 24 கோடி ஆண்டுக்கு மேல். பல ஆண்டுகள் அதுதான் மூத்தது. பிறகு மயோர்க்கா தீவின் எஸ்தெயெங்க்ஸ் கடற்கரைப் பக்கம் ஜோசப் ஹுவாரெஸ் என்பவர் ஒரு கல்லைப் பிளந்தார், உள்ளே ஒரு முழுப் புழு! ஈயின் இளம்புழு, 24.7 கோடி ஆண்டு, கல்லின் இரண்டு பாதியிலும் அச்சு. தலைக்கூடு, வாயுறுப்பு, மூச்சுத் துளைகள் எல்லாம் தெரிகின்றன. ப்ரோட்டோஅனிசோலார்வா ஹுவாரெஸி என்று அவர் பெயரையே சேர்த்து வைத்தார்கள். 25.2 கோடியில் பெர்மியன் பேரழிவு, கடல் உயிரினங்களில் பெரும்பங்கு காலி. அதிலிருந்து வெறும் 50 லட்சம் ஆண்டில் இந்தப் புழு அழுகிய இலைதழையைத் தின்றுகொண்டு நெளிகிறது. எனக்கு பெர்மோட்டிபுலாவைவிட இதுதான் பெரிய சேதி, ஏனென்றால் புழுவின் அமைப்பே ஏற்கெனவே நன்கு தேறிய ஈயினுடையது. அதற்கு முன்னால் எவ்வளவு நடந்திருக்க வேண்டும்! மரபணுவை வைத்துக் காலம் கணிப்பவர்கள் பலர் ஈயின் தொடக்கத்தைப் பெர்மியனுக்குள் தள்ளுவது இதனால் வியப்பாக இல்லை.

அந்தக் கால ஈ என்றதும் சாப்பாட்டில் மொய்க்கும் வீட்டு ஈயை நினைக்கவேண்டாம். எல்லாம் கொசு, நுளம்பு சாயலில் ஒல்லியான ஆட்கள். வீட்டு ஈயின் பெரிய கூட்டம் பெருகியது டைனோசர் போன பிறகு.

முன்னாள் விலங்கியல் எழுதியது:

கல்நெஞ்சன், 'பங்காளி' என்ற சொல்லை ரசித்தேன். ஆனால் பெர்மோட்டிபுலாவை ஈ என்று சொல்லக்கூடாது என்ற கட்சியில் எனக்கு அவ்வளவு பிடிவாதம் இல்லை. இன்றைய ஈக்கள் அனைத்துக்கும் பொதுவான மூதாதைக்கு முன்பே, ஆனால் மெகோப்டெராவிடமிருந்து பிரிந்த பிறகு, வம்சமரத்தின் அந்த அடிமரத்தில் ஏதோ ஓர் இடத்தில் நான்கு இறக்கைப் பூச்சிகள் கட்டாயம் வாழ்ந்திருக்கும். பெல்மான்ட் இறக்கைகள் அந்த அடிமரத்தைச் சேர்ந்தவை என்றால் அவற்றை ஈ வம்சத்தில் சேர்ப்பதில் தவறென்ன? பின் இறக்கையைத் தவிர வேறு அடையாளம் எதையும் ஏற்கக்கூடாது என்றால் பரிணாமத்தில் எதற்கும் தொடக்கம் காட்ட முடியாது.

கல்நெஞ்சன் எழுதியது:

அடிமரத்தைச் சேர்ந்தவைதானா என்பதையே இறக்கை நரம்பை மட்டும் வைத்துத் தீர்மானிக்கிறோம் சார், அதுதான் என் வருத்தம். நரம்பமைப்பு எளிதாக ஒன்றுபோல் மாறிவிடும் சங்கதி. உடம்பு முழுசாகக் கிடைத்தே தலைகீழாகப் படித்த கதை உண்டு. ஸ்ட்ராஷிலா ஞாபகம் இருக்கிறதா? சைபீரியாவின் ஜுராசிக் பூச்சி, ரஸ்னிட்சின் 1992இல் விவரித்தது. பெருத்த பின்கால், இறக்கை இல்லை, அதனால் டெரோசார் என்ற அந்தக் காலத்துப் பறக்கும் ஊர்வனவின் தோலில் தொற்றிக்கொண்டு ரத்தம் குடித்த ஒட்டுண்ணி என்று படமெல்லாம் வரைந்தார்கள். 2013இல் ஹுவாங் தியிங் குழு உள் மங்கோலியாவின் தாவ்ஹுகோ பாறையிலிருந்து நல்ல மாதிரிகளை எடுத்துப் பார்த்தால் அதற்கு இறக்கை இருக்கிறது, அதை உதிர்த்துவிட்டு இணைசேர்கிறது, வளர்ந்த பிறகும் வயிற்றில் செவுள் வைத்திருக்கிறது, இன்றைய நிம்ஃபோமையிட் ஈக்களுக்குச் சொந்தம். ரத்தமும் கிடையாது டெரோசாரும் கிடையாது, தண்ணீரில் கிடந்த ஈ! முழு உடம்புக்கே இந்த கதி, ஒற்றை இறக்கைக்கு நான் எப்படிச் சாட்சி சொல்வது?

முன்னாள் விலங்கியல் எழுதியது:

ஸ்ட்ராஷிலாவைத் திருத்தியதும் நல்ல மாதிரிகள்தானே தம்பி. பெல்மான்ட்டிலும் ஒரு நாள் உடம்போடு ஒன்று வரட்டும், அதன் பின் இறக்கையைப் பார்த்துவிட்டு மறுபடி சண்டை போடுவோம்.

கொசுவலை எழுதியது:

சண்டை நல்லாயிருக்கு. வெறும் கண்ணால் ஹால்டியரைப் பார்க்க வழி உண்டா? வீட்டு ஈயில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

வண்டினம் எழுதியது:

வீட்டு ஈயில் அதை ஒரு சின்ன மடல் மறைத்துவிடும். மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்குச் சுவரில் வந்து உட்காரும் நீளக்கால் பூச்சி, பெரிய கொசு என்று நினைத்து அடிப்போமே, அதுதான் டில்யார்ட் ஒப்பிட்ட டிபுலாவின் உறவு. கடிக்காது, அடிக்காதீர்கள். இறக்கைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் குமிழ்த்தண்டு வெறும் கண்ணுக்கே தெரியும். போனில் ஒரு மேக்ரோ லென்ஸ் மாட்டி எடுத்தால் தெளிவாக வரும், எடுத்தால் இங்கே போடுங்கள்.